வேனிலில் பெருகுவது பித்தமா? ஆயுர்வேதப் பருவ ஒழுக்கமும் தமிழ் நிலத்துக் கோடையும்

சித்திரை பிறந்துவிட்டால் நாளிதழ் இணைப்புகளிலும் மருந்துக்கடை விளம்பரங்களிலும் ஒரே பல்லவிதான்: வெயிலால் பித்தம் ஏறுகிறது, அதைத் தணிக்கத் தயிரும் மோரும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆயுர்வேதம் சொல்வது இதுதான். கேட்க இதமாக இருக்கும் இந்த அறிவுரைக்கு மூலநூல்களில் ஆதாரம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வேனிலில் முதலில் அஞ்ச வேண்டியது பித்தம் என்று அவை கூறவில்லை. தயிரையோ அவை கோடையில் வெளிப்படையாகவே விலக்குகின்றன.

கி.பி. 7ஆம் நூற்றாண்டை ஒட்டியவராகக் கருதப்படும் வாக்படர், அஷ்டாங்க இருதயத்தின் சூத்திரத்தானம் மூன்றாம் அத்தியாயத்தில் ஆறு பருவங்களுக்குமான ஒழுக்கத்தை வகுக்கிறார். கதிரவன் வடக்கு நோக்கி நகரும் ஆறு மாதங்கள் ஆதான காலம்; உலகின் ஈரத்தையும் உடலின் வலுவையும் ஞாயிறு உறிஞ்சிக்கொள்ளும் காலம். அதன் கடைக்கூறே கிரீஷ்மம், அதாவது வேனில். அப்போது நாள்தோறும் கபம் தேய்கிறது, வாதம் வளர்கிறது என்பது அவர் கணக்கு. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இதை இன்னும் கறாராகச் சொல்கிறார்: வாதம் வேனிலில் சேர்ந்து மழைக்காலத்தில் சீறும், பித்தம் மழைக்காலத்தில் சேர்ந்து அதற்கடுத்த சரத் காலத்தில் சீறும். ஆக, வேனில் உடலுக்குச் செய்யும் கேடாக இந்நூல் காண்பது வறட்சியும் இளைப்பும். சூடு அதற்கான காரணம் மட்டுமே.

இந்த வேறுபாடு ஏட்டுச் சண்டை அன்று. பகலுறக்கத்தை எடுத்துக்கொள்வோம். மற்றப் பருவங்களில் அது கபத்தையும் பித்தத்தையும் கூட்டும் என்று கண்டிக்கும் சரக சம்ஹிதை, வேனிலில் மட்டும் விதிவிலக்கு அளிக்கிறது. உடல் வறண்டிருக்கிறது, வாதம் கூடுகிறது, இரவோ குறுகிவிட்டது என்பவை அது கூறும் காரணங்கள். பித்தத்தைத் தணிப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் இந்தச் சலுகைக்கு இடமே இல்லை. இனிப்பும் குளிர்ச்சியும் நெய்ப்பும் உள்ள, நீர்த்த, எளிதில் செரிக்கும் உணவு. சர்க்கரை கலந்து கரைத்த சத்துமாவு. பாலோ நெய்யோ சேர்ந்த சாலி அரிசிச் சோறு. உடற்பயிற்சியை விலக்குதல், கலவியைக் குறைத்தல். எல்லாம் ஒரே திசையில் போகின்றன: இருப்பதைச் செலவழிக்காதே, இழந்ததை ஈடுகட்டு. கோடையில் பீர் குளிர்ச்சி தரும் என்று நம்புவோருக்கும் பதில் உண்டு. மது வேண்டாம், விட முடியாவிட்டால் மிகக் கொஞ்சம், அதுவும் நிறையத் தண்ணீர் கலந்து என்கின்றன இந்நூல்கள்.

வாக்படர் விவரிக்கும் பஞ்சசாரம் என்ற பானகம் இன்றைய சர்பத் வகைகளுக்கு மூத்தது. திராட்சை, இலுப்பை, பேரீச்சை, குமிழ் முதலியவற்றைச் சேர்த்துப் புது மண்கலத்தில் ஊற்றிக் குளிர வைப்பார்கள். அதே பத்தியில் நறுமண நீர் தெளித்த திரைகள் தொங்கும் நீர்வீடு, சந்தனப் பூச்சு, முத்துமாலை, நிலவொளி விழும் மேல்மாடி, விசிறும் பணிப்பெண்கள் எல்லாம் வருகின்றன. படிப்பவர் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். இந்த ஒழுக்கம் யாருக்கு எழுதப்பட்டது? மாடியும் பணியாளும் வைத்திருந்த நகரத்துச் செல்வருக்கு. உச்சிவெயிலில் களை பறிக்கும் பெண்ணோ செங்கல் சூளையில் நிற்பவரோ அந்த ஏட்டில் முகம் காட்டவே இல்லை. இதைக் குறையாகச் சொல்வதைவிட, நூலின் எல்லையாகக் குறித்துக்கொள்வது நியாயம். ஏனெனில் உப்பைப் பற்றிய அதன் அறிவுரையை எடைபோடும்போது இந்த எல்லை தேவைப்படும்.

இன்னோர் எல்லை நிலம். வாக்படரின் மாதக் கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் வசந்தம். ஆனியும் ஆடியும் கிரீஷ்மம். தமிழகத்தின் கத்திரி வெயிலோ பெரும்பாலும் மே 4 தொடங்கி 28 வரை, அதாவது சித்திரைக் கடைசியிலும் வைகாசி முற்பாதியிலும் அடிக்கிறது. மாதப் பெயரைப் பிடித்துக்கொண்டால் கத்திரியில் வசந்த கால விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டிவரும்: உடற்பயிற்சி செய்யலாம், பகலில் தூங்கக் கூடாது! கிரீஷ்ம விதிகளைத் தொடங்கும்போதோ குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கும். கதிரவனின் வடசெலவு முடியும் ஜூன் 21ஐ வைத்துப் பின்னோக்கி எண்ணினால் இந்தப் பிழை பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மழையின் கணக்கு அப்படியும் இடிக்கிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் பாதியை ஒட்டிய அளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மேகம் கலைந்து வெயில் சுடும் காலம் என்று நூல்கள் சொல்லும் சரத், இங்கே ஐப்பசி அடைமழைக் காலம்.

மரபு இதை அறியாமல் இல்லை. சுசுருத சம்ஹிதை இருவகைப் பருவப் பட்டியல்களைத் தருகிறது. ஒன்றில் பின்பனிக் காலமான சிசிரம் நீங்கிப் பிராவிருட் என்ற முன்மழைக் காலம் இடம்பெறுகிறது. கங்கைக்குத் தெற்கே மழை மிகுதி, வடக்கே குளிர் மிகுதி. அதனால்தான் இரண்டு கணக்கு என்று உரையாசிரியர்கள் விளக்கம் தந்தார்கள். சரகமோ நிலத்தையே வறண்ட ஜாங்கலம், நீர்வளம் மிக்க ஆனூபம், இடைப்பட்ட சாதாரணம் என மூன்றாகப் பிரிக்கிறது. தென்னையும் வாழையும் அடர்ந்து, ஆறும் கடலும் எல்லையாக அமைந்த ஆனூப வருணனையைப் படிக்கும் தஞ்சைக்காரர் தன் ஊரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பார். இந்திய வானிலைத் துறையும் இன்று இடத்துக்கு இடம் அளவுகோலை மாற்றுகிறது. வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் 40 டிகிரியாவது எட்ட வேண்டும். கடலோரத்தில் வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்கும்போது 37 டிகிரியே போதும்.

குளிர்விக்கும் உத்திகளில் நிலத்தின் பங்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். நீர் தெளித்த திரை, வெட்டிவேர்த் தட்டி, மண்பானை மூன்றும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதை நம்பியவை. ஜெய்ப்பூரின் வறண்ட மே மாதக் காற்றில் நனைந்த தட்டி அறையையே மாற்றிவிடும். சென்னைக் கடற்கரையில் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்திருப்பதால் அதே தட்டியிடமிருந்து மணம் கிடைக்கும், குளிர்ச்சி கொஞ்சம்தான். அங்கே உடம்பின் வியர்வையும் அப்படித்தான், காயாமல் வழிகிறது. காற்றோட்டமே முதல் மருந்து.

எண்ணெய்க் குளியல் வேறொரு புதிர். உடம்புச் சூடு தணிய நல்லெண்ணெய் தேய்ப்பது தமிழ் வழக்கம். நூல்களோ எள்ளெண்ணெயைச் சூட்டைத் தரும் உஷ்ண வீரியம் உடையதாக வகைப்படுத்துகின்றன. பித்தக் கோட்பாட்டில் நின்று பார்த்தால் வழக்கம் பிழை. வேனிலில் வாதம் சேர்கிறது என்ற வாக்படரின் கூற்றை ஏற்றால், வாதத்துக்கு நிகரற்ற மருந்தாக அந்நூல்களே புகழும் எள்ளெண்ணெய் அந்த அளவுக்கு இடம் பெற்றுவிடுகிறது.

இனித் தயிரும் மோரும். இளவேனில், முதுவேனில், சரத் மூன்றிலும் தயிரை விலக்கச் சொல்கிறார் வாக்படர்; சரகமும் அதையே கூறுகிறது. இன்னும் வியப்பு, சுசுருதம் வெப்பக் காலத்திலும் மெலிந்தவருக்கும் மயக்கமும் எரிச்சலும் உள்ளவருக்கும் மோர் தராதே என்பது. தண்ணீர்ப் பந்தல்களையெல்லாம் மூடிவிடலாமா? அவசரம் வேண்டாம். சுசுருதம் கூறும் மோர், தயிரில் பாதியளவு தண்ணீர் சேர்த்துக் கடைந்த, மிகக் கெட்டியும் மிக நீர்த்ததும் அல்லாத பொருள். பந்தலில் கிடைக்கும் நீர்மோர் அதன் தூரத்து உறவு. 16ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் மோரைத் தண்ணீரின் அளவு பார்த்துப் பல வகையாக்கி, வெண்ணெய் எடுத்து நிறையத் தண்ணீர் விட்டதைச் சச்சிகை என்று தனியே வைத்தது. அது குளிர்ச்சியானது, லேசானது, களைப்பையும் தாகத்தையும் பித்தத்தையும் போக்கும். உப்பிட்டால் பசியைத் தூண்டும் என்கிறது அந்நூல். நீர்மோருக்குச் சான்று தேடுவோர் பழைய சரகத்தை விட்டு இங்கே வர வேண்டும்.

உப்பு என்றதும் மாடி வீட்டுச் செல்வர் மீண்டும் நினைவுக்கு வருகிறார். புளிப்பு, உப்பு, காரம் மூன்றையும் வேனிலில் விலக்கச் சொல்வது, நிழலில் சந்தனம் பூசிக் கிடப்பவருக்குச் சரி. தூத்துக்குடி உப்பளத்தில் வரப்பு மிதிப்பவருக்குக் கடும் உழைப்பின்போது மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் வியர்வை போகலாம். தண்ணீரோடு சோடியமும் போகிறது. வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து அதுவே ஆபத்தாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய வாய்வழி நீரேற்றக் கரைசலில் லிட்டருக்கு 2.6 கிராம் சமையல் உப்பு இருக்கிறது. இழந்ததை ஈடுகட்டு என்ற நூலின் உள்ளீட்டை ஏற்பவர் இந்த உழைப்பாளியிடம் உப்பை விலக்கு என்ற அதன் வரியை வலியுறுத்த முடியாது. உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கும், சர்க்கரைப் பானகத்தைப் பொறுத்தவரை நீரிழிவு உள்ளவருக்கும் கணக்கு வேறு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி நினைவு தடுமாறினால் எந்தப் பானமும் உதவாது. உடலை நனைத்து விசிறியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் தமிழக அரசு அறிவித்துவிட்டது. உப்பளங்களிலும் சூளைகளிலும் நண்பகல் வேலையை நிறுத்தி நிழலில் படுக்க இடம் தந்தால், வேனிலில் பகலுறக்கம் கொள்ளலாம் என்ற சரகத்தின் சலுகை முதன்முறையாக அதற்கு உரியவரைப் போய்ச் சேரும்.