ஏறாத கண்ணாடி

அப்பப்பாவின்ர மொறிஸ் மைனர் இப்பவும் எங்கட வீட்டுக் கொட்டிலுக்க நிக்குது. போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அதின்ர இடப்பக்க முன்கண்ணாடியை ஏத்திப் பார்த்தேன். கைபிடி பாதி சுத்தினதும் இறுகிவிட்டது. இன்னும் கொஞ்சம் அமத்த, பல்லுக் கூசுற மாதிரி ஒரு கீச்சல். "விடு, அது தொண்ணூற்றஞ்சிலயிருந்து உப்பிடித்தான்" எண்டார் அப்பா.

கார்க் கண்ணாடி ஏன் தொண்ணூற்றஞ்சை ஞாபகம் வைச்சிருக்க வேணும்?

முதலில் இந்தக் கார் எப்படி இவ்வளவு காலம் நிண்டது எண்டு பார்க்க வேணும். மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிறகு மினியை வடிவமைத்தவரும் அவர்தான். பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரித்தானியக் கார் இது. இலங்கைக்கும் நிறைய வந்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வர, அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கியது. 1977இல் பொருளாதாரம் திறக்கும் வரை, இருக்கிற காரைத் திருத்தி ஓடுறதைத் தவிர ஆக்களுக்கு வேற வழி பெரிசாக இல்லை. கொழும்பில் யப்பான் கார்கள் பெருகத் தொடங்கிக் கொஞ்சக் காலத்துக்குள்ள வடக்கில் யுத்தம். 1990 யூனில் யாழ்தேவியும் நிண்டுபோனது. அதோட பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் ஒழுங்காக வராது.

அந்தக் காலத்துக் கார் எண்டால் எல்லாரும் மண்ணெண்ணெய்க் கதைதான் சொல்லுவினம். காபரேற்றருக்குள்ள துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின கதை. உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி "யாழ்ப்பாணத்தான்ர மூளையைப் பாத்தியா" எண்டு முடிக்கிறது எனக்குப் பிடிக்கிறதில்லை. அந்தப் புகையை மூச்சாக இழுத்த ஆக்களும் இருக்கினம். கண்ணாடி மாதிரிச் சின்னச் சாமான்களின் கதையை ஒருத்தரும் சொல்லுறதில்லை.

கதவின் உள்மட்டையைக் கழட்டினேன். கைபிடியைச் சுத்த ஒரு சின்னப் பல்லுச்சில்லு சுழலும். அது விசிறி மாதிரி இருக்கிற பெரிய பல்லுத் துண்டைத் தள்ளும். அதோட சேர்ந்த கை கண்ணாடியை மேலே தூக்கும். கண்ணாடி ஒழுங்காக ஏற, இரண்டு பக்கமும் கம்பளி மாதிரியான ஃபெல்ட் வைச்ச தவாளிப்பு இருக்கும். ஃபெல்ட் தேய்ஞ்சால் கண்ணாடி சரிஞ்சு இறுகும். எங்கட பக்கத்துச் செம்பாட்டுத் தூசியும் கறளும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. கிறீஸ் பூசக்கூடாது, தூசி இன்னும் ஒட்டும். தவாளிப்பைத் துடைச்சு, காய்ஞ்ச சவர்க்காரமோ மெழுகுதிரியோ தேய்க்கிறதுதான் பழைய வழி. இப்ப சிலிக்கன் ஸ்ப்ரே இருக்கு.

ஆனால் எங்கட கதவுக்குள்ள ஃபெல்ட்டே இருக்கேல்லை. நீளமாக வெட்டி ஒட்டின கறுப்பு றப்பர்தான் இருந்தது. ஓரத்தில் வால்வு ஒட்டின அடையாளமும் தெரிஞ்சது. சைக்கிள் ரியூப்.

கீச்சலின் காரணம் அப்பதான் விளங்கினது. ஃபெல்ட் கண்ணாடியை வழுக்க விடும், றப்பர் பிடிச்சு இழுக்கும். பிடிச்சு, விட்டு, பிடிச்சு, விட்டு, அதுதான் அந்தச் சத்தம். திருத்தினவருக்கு இது தெரியாமல் இருந்திராது. ஃபெல்ட் கிடைக்கேல்லை, அவ்வளவுதான். சவர்க்காரம் தேய்ச்சிருக்கலாமே எண்டு கேட்டேன். அப்பா சிரிச்சார். "உடுப்பே பனங்களியிலதான் தோய்ச்சனாங்கள். காருக்குச் சவர்க்காரமோ?"

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது இந்தக் காரும் அந்தச் சனத்துக்குள்ள ஊர்ந்தது. மழை. இடப்பக்கக் கண்ணாடி கீழே இறங்கினபடி இறுகிவிட்டது. அப்பம்மா சாவகச்சேரி வரைக்கும் அந்த இடைவெளியில் ஒரு உரப்பையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. மடியில் எங்கட அத்தை, அப்ப அவவுக்கு இரண்டு வயசு, காய்ச்சல். சாவகச்சேரியில் அந்தக் காய்ச்சல் சளிக் காய்ச்சலாக மாறி ஒரு மாதம் இழுத்ததாம். கண்ணாடி ஏறியிருந்தால் அப்பிடி வந்திராது எண்டு அப்பம்மா சாகும்வரை சொன்னா. வந்திருக்குமோ இல்லையோ, சொன்னா.

தடையைப் பற்றி நாங்கள் படிக்கிறது பட்டியலாகத்தான், இன்ன இன்ன பொருள் அனுமதி இல்லை எண்டு. கார்க் கதவுக்கு வைக்கிற ஃபெல்ட்டை அந்தப் பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்கேலாது. அதுக்கு இந்தக் கதவைத்தான் கழட்ட வேணும். கராஜ்களில் வேலை செய்த ஆக்களிட்ட இதைப்போல எத்தனை கதவுகளின் கதை இருக்கும், அவையளுக்கும் வயசு போகுது.

இப்ப புது ஃபெல்ட் கடையிலேயே கிடைக்குது. இரண்டு பக்கத்துக்கும் அளந்து வாங்கினேன். வலப்பக்கம் மாத்தியாச்சு, ஒரு விரலால் சுத்த ஏறுது. இடப்பக்கத்துக்கு வந்தபோது அத்தை முற்றத்தில் நிண்டு பார்த்துக்கொண்டு இருந்தா. "அந்த றப்பரை எறியாத, இஞ்ச கொண்டா" எண்டா.