முதுமையும் தொகுதிக் கணக்கும்: மதுரைச் சமவெளியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முதியோர் தொகை பெருகும் நாடுகளில் அரசியல் சினம் பெரும்பாலும் ஓய்வூதியத்தைச் சுற்றியே எழுகிறது. ஓய்வு பெறும் வயதை 62-இலிருந்து 64-ஆக உயர்த்திய 2023-ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் இலட்சக்கணக்கானோரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அச்சினம் வேறு வழியில் திரும்பி, முதியோரின் வாழ்நிலையை விட்டு மாநிலத்தின் தலைக்கணக்கைப் பற்றிக்கொண்டது.

பிறப்பு விகிதம் குறைந்ததன் ஒரு வேர் அன்றைய மதுரை மாவட்டத்திலேயே இருக்கிறது. 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின் ஆணையராகப் பணியாற்றிய ஆர். ஏ. கோபாலசுவாமி, பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலராக இருந்தபோது கருத்தடை அறுவையை அரசின் திட்டமாக முன்னெடுத்தார். 1950-களின் இறுதியில் அம்மாவட்டத்துக் காந்திகிராமத்தைச் சார்ந்து ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய நலவாழ்வு முயற்சி, கிராமத்துத் தலைவர்களையும் செவிலியரையும் கொண்டே பிறப்பு விகிதத்தைக் குறைக்க முடியும் என்று காட்டி, பிற பகுதிகளுக்கு முன்னோடியாயிற்று. பெண்கல்வியும் தாமதத் திருமணமும் இதனுடன் சேர்ந்தன. இவ்வரலாற்றைப் பெருமிதமாக மட்டும் எழுத இயலாது. சிறு குடும்ப விருப்பமும் ஆண்மகவு விருப்பமும் ஒன்றுகூடிய இடத்தில் என்ன நேரும் என்பதை, உசிலம்பட்டி வட்டாரத்தில் 1980-களில் வெளிப்பட்ட பெண் சிசுக்கொலை காட்டிற்று.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளைக் குறிக்கும் மொத்தக் கருவள விகிதம் தமிழ்நாட்டில், மக்கள்தொகை நிலைபெறத் தேவையான 2.1-க்குக் கீழிறங்கி, 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8-ஆகப் பதிவாயிற்று. 2021-க்கான மதிப்பீட்டின்படி அறுபது வயதைக் கடந்தோர் இந்திய அளவில் 10.1 விழுக்காடு, தமிழ்நாட்டில் 13.6 விழுக்காடு.

பிறப்புக் குறைவின் அரசியல் விலை முன்பே தெரிந்திருந்தது. மக்கள்தொகைப்படி பகிரப்படும் மக்களவை இடங்களில், 1962-இல் 41-ஆக இருந்த மாநிலத்தின் இடங்கள் 1967-இல் 39-ஆகக் குறைந்தன. குடும்பநலத் திட்டத்தை நிறைவேற்றிய மாநிலங்கள் மேலும் இழக்காதிருக்க, 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971-ஆம் ஆண்டுக் கணக்கையே இடப் பங்கீட்டுக்கு அளவாக்கியது; 84-ஆவது திருத்தம் அதனை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. தென்காசித் தனித்தொகுதி தொடர்பான வழக்கில் 2021 ஆகஸ்டில் ஆணை பிறப்பித்த உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் கிருபாகரனும் புகழேந்தியும், இழந்த இரு இடங்களுக்கு ஈடாக மாநிலத்துக்கு 5,600 கோடி ரூபாய் ஏன் வழங்கக்கூடாது என வினவினர். அவ்வினா 2025 மார்ச்சில் சென்னையில் பல மாநிலங்கள் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழுவின் கோரிக்கையாக விரிந்தது; அக்குழு தொகுதி எண்ணிக்கையின் முடக்கத்தை மேலும் 25 ஆண்டுகள் நீட்டிக்கக் கேட்டது.

கோரிக்கை நியாயமானதே. ஆனால் முதுமையின் சுமையை நேரடியாகத் தாங்குவோர் அதில் இல்லை. மேலூர், வாடிப்பட்டி வயல்களில் நடவும் களையெடுப்பும் செய்து மூத்த பெண்களுக்கு வைப்புநிதியோ பணிக்கொடையோ கிடையாது. அறுவடையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெயர்ந்தனர். எஞ்சியிருப்பது ஊரில் 'ஓ.ஏ.பி. பணம்' எனப்படும் முதியோர் உதவித்தொகை. 1962-இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிய அத்தொகை 2023-இல் 1,200 ஆயிற்று. அதில் எண்பது வயதுக்குட்பட்டோருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 200 ரூபாயிலேயே பல ஆண்டுகளாக நிற்கிறது. நிதிக்குழுக்களின் பங்கீட்டைப் பற்றி நிகழும் கூர்மையான விவாதம் இந்த இருநூறு ரூபாயைப் பற்றி நிகழவில்லை. கோரப்பட்ட 25 ஆண்டுகள் முடியும்போது, இன்று நாற்பது வயதில் நாற்று நடும் பெண் அறுபத்தைந்தை எட்டியிருப்பார். அன்று அவருக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பது குறித்து அக்கோரிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.