கனிமங்களில் இடப்பிறழ்வு அளவீடு

படிகத்தில் அணுவரிசை ஒரு கோட்டின் நெடுகப் பிறழ்ந்து நிற்கும் குறைபாடு இடப்பிறழ்வு எனப்படும். கனிமத் தகட்டின் ஊடே எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, விளிம்பு விளைவால் உண்டாகும் பிம்பத்தைக் கொண்டு அக்கோட்டின் திசை, அணுக்கள் பெயர்ந்த அளவு, கோடுகளின் அடர்த்தி ஆகியவற்றை அளந்தறிவதே இடப்பிறழ்வு அளவீடு. நெசவில் ஓர் இழை பாதியோடு நின்றுபோனால் அக்கம்பக்கத்து இழைகள் கோணிக்கொள்வது போல, அணுத்தளம் ஒன்று படிகத்தின் நடுவே முடியுமிடத்தில் சுற்றுப்புறம் திரிகிறது. ஆழத்தில் பாறைகள் உடையாமல் வளைவதற்கு இக்கோடுகளின் நகர்வு ஒரு முக்கியக் காரணம்.

தொடக்கம்

படிகங்கள் கணக்கிட்டதைவிட மிகக் குறைந்த விசைக்கே வளைந்து கொடுப்பதை விளக்க, 1934இல் டெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே இடப்பிறழ்வு என்னும் கருத்தை முன்வைத்தனர். பெயர்ந்த அளவையும் திசையையும் குறிக்கும் பர்கர்ஸ் திசையன் 1939இல் வந்தது.

எலக்ட்ரான் கற்றைக் கருவியின் வரலாற்றில் கனிமம் முன்பே இடம்பெற்றுவிட்டது. 1928இல் ஜப்பானில் செய்ஷி கிகுச்சி எலக்ட்ரான்களைச் செலுத்தியது மெல்லிய மைக்கா ஏட்டின் வழியாகத்தான். அதில் அவர் கண்ட கறுப்பு வெள்ளைக் கோட்டிணைகளே இன்றும் படிகத்தைச் சரியான கோணத்துக்குச் சாய்க்க ஆய்வாளருக்கு வழிகாட்டுகின்றன.

இடப்பிறழ்வை முதலில் ‘கண்டவர்’ யார் என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. 1950இல் கிரிஃபின் பெரில் படிகத்தின் முகத்தில் கண்ட வளர்ச்சிச் சுருள்களைச் சிலர் முதற்சான்றாகக் கொள்வர். அது மறைமுகச் சான்றே என்போர், கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் ஆகியோர் அலுமினியத் தகட்டில் கோடுகள் நகர்வதையே கண்டதையும், ஜெனீவாவில் போல்மன் எஃகில் கண்டதையும் சுட்டுவர். இரண்டும் 1956இல் வெளியாயின.

கனிமங்களின் காலம் (1965–1976)

உலோகத்தை அமிலக் கரைசலில் மின்னாற்றலால் அரித்து மெல்லிதாக்கலாம். கல்லுக்கு அது பயன்படவில்லை. எனவே தொடக்க ஆய்வுகள் பெரும்பாலும் நொறுக்கிய சில்லுகளின் ஓரங்களையே நம்பியிருந்தன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மெக்லாரனும் பாக்கேயும் 1965இல் செவ்வந்திக்கல், சிட்ரின் ஆகிய குவார்ட்ஸ் வகைகளை ஆராய்ந்தனர். அதே ஆண்டில் கலிபோர்னியாவில் கிரிக்ஸும் பிளாசிக்கும், நீர் கலந்த செயற்கைக் குவார்ட்ஸ் எதிர்பாராத அளவுக்கு வலுவிழப்பதை அறிவித்தனர். நீர் எந்த வடிவில் இருந்து இவ்விளைவைத் தருகிறது என்பது நெடுங்கால விவாதம். படிகத்துக்குள் கரைந்த ஹைட்ரஜன் குறைகள் என்பது ஒரு சாரார் கருத்து. நுண்குமிழிகளாகவும் நுண்பிளவுகளிலும் தங்கிய நீர் என்பது மற்றொரு சாரார் கருத்து. குவார்ட்ஸ் எலக்ட்ரான் கற்றையின் கீழேயே ஒழுங்கிழந்து கண்ணாடியாகிவிடும் இயல்புடையது என்பதால், படம் எடுப்பதிலும் விரைவு தேவைப்பட்டது.

திருப்பம் தந்தது அயனி மெலிப்பு. ஆர்கான் அயனிகளைச் சாய்கோணத்தில் தகட்டின் இருபுறமும் மணிக்கணக்காகப் பொழிந்து, நடுவில் துளை விழும்வரை தேய்ப்பார்கள்; துளையின் ஓரமே எலக்ட்ரான் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. பார்பர் 1970இல் இம்முறையை விவரித்தார். அப்போலோ 11 கொண்டுவந்த நிலவுப் பாறையை 800 கிலோவோல்ட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்த கட்டுரையும் அவ்வாண்டினதே.

இக்காலத்தின் மிக எளிய உத்தி 1976இல் கோல்ஸ்டெட் குழுவினர் வெளியிட்டது. ஒலிவின் என்னும் கனிமத்தைக் காற்றில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டால், இரும்பு ஆக்சைடு இடப்பிறழ்வுகளின் நெடுகப் படிகிறது. பின் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே கோடுகள் பழுப்பு இழைகளாகத் தெரிகின்றன. உலை ஒன்றிருந்தால் போதும்.

அளக்கும் முறை

ஓர் அணுத்தளக் கூட்டத்தின் விளிம்பு விளைவை மட்டும் கொண்டு பிம்பம் அமைக்கும்போது, பர்கர்ஸ் திசையன் அத்தளங்களுக்கு இணையாக இருந்தால் கோடு மறைந்துவிடும். ஒரே கோடு இரு வேறு தளக்கூட்டங்களில் மறைந்தால் திசையனின் திசை தெரிந்துவிடும். கோடுகளை எண்ணிப் பரப்பால் வகுப்பது அடர்த்தி. அடர்த்தி ஏறத்தாழத் தகைவின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், பாறை பண்டு தாங்கிய தகைவை இதிலிருந்து மதிப்பிடுவர். பாறை ஆழத்திலிருந்து மேலேறி வரும் வழியில் வெப்பத்தால் கோடுகள் அழிந்திருக்கலாம் என்பதால் இம்மதிப்பை ஐயத்தோடு அணுகுவோரும் உண்டு.

கனிமங்களின் மீட்சிப்பண்பு திசைக்குத் திசை மாறுவதால் மறைவு விதி பெரும்பாலும் முழுமையாகப் பொருந்துவதில்லை. மங்கிய எச்சம் தங்கிவிடும். செர்ன்ஸும் பிரெஸ்டனும் 1986இல் இடப்பிறழ்வுகளுக்குப் பயன்படுத்திய அகல்கோணக் குவிகற்றை முறையில், விளிம்பு விளைவுக் கோடு இடப்பிறழ்வைக் கடக்குமிடத்தில் முறுகிப் பிளவுபடும். பிளவின் கணுக்களை எண்ணினாலே விடை கிடைக்கும். பிரான்சின் லில் நகர ஆய்வாளர்கள் 1995இல் இதைக் குவார்ட்ஸில் பயன்படுத்தினர்.

அண்மைக்காலம்

2014இல் ஒலிவினின் இடப்பிறழ்வுகளை முப்பரிமாணத்தில் காட்டும் படப்பிடிப்பும், அதன் படிக மணிகளின் எல்லைகளில் சுழற்சிக் குறைபாடுகள் உள்ளன என்னும் அறிவிப்பும் வெளிவந்தன. ஒரு தகட்டில் பார்வைக்கு வருவது சில மைக்ரோமீட்டர் அகலமே. ஆதலால் ஒரு பாறை முழுமைக்கும் பொருந்தும் அடர்த்தி மதிப்பைப் பல மணிகளில், பல தகடுகளில் எண்ணிய பிறகே கூற இயலும்.