எழுதப்படாத கூலி

வேடசந்தூரில் வீடு வாங்கிய உறவினர் ஒருவரின் கிரயத்துக்குச் சாட்சிக் கையெழுத்திடச் சென்றிருந்தோம். விலை ரூ.12 இலட்சம். பத்திரம் எழுதிய பெரியவர் துண்டுச் சீட்டொன்றில் 'பத்திரச் செலவு ரூ.1,25,000' என்று ஒரே தொகையாக எழுதி நீட்டினார். அரசுக்குச் செல்வது எவ்வளவு, எழுத்துக்கூலி எவ்வளவு என்று வினவினோம். "எல்லாம் சேர்த்துத்தாங்கய்யா" என்றார். உறவினர் நம் கையை மெல்ல அழுத்தினார். நல்ல காரியத்தில் கணக்குக் கேட்பது அழகன்று என்பது அவர் கருத்து.

எழுத்தை நம்பி நிலம் கைமாறுவது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'விலையாவணம்', 'ஆவணக்களரி' ஆகிய சொற்கள் பயில்கின்றன. நான்கு எல்லை, விலை, பணம் முழுதும் பெற்ற செய்தி, சாட்சிகள் என அனைத்தும் அவற்றில் உண்டு. எழுதியவரும் தம் பெயரைப் பொறித்துச் செல்வார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையினர் மூல ஓலையின் எழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கியே தீர்ப்புச் சொல்கின்றனர். ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூவகைச் சான்றுகளை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் அந்த அவையின் நுணுக்கம் நம்மை வியக்க வைக்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஓலையின் இடத்துக்கு முத்திரைத்தாள் வந்தது. 1864இல் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ளது 1908ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவு செய்த ஆவணம் வேண்டும் என்றது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். வாங்குபவர் ஆவணத்தை ஆயத்தம் செய்து முன்வைக்க, விற்பவர் கையெழுத்திட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடே. எழுத்துக்கூலி வாங்குபவர் தலையில் விழுவதன் வேர் இதுதான். எழுதுவோருக்கு உரிமம் வழங்கும் தமிழ்நாட்டு விதிகள் 1982இல் வந்தன.

வீடு திரும்பியதும் கணக்கிட்டுப் பார்த்தோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, ரூ.84,000. பதிவுக் கட்டணம் 2023இல் 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைந்தது, அவ்வகையில் ரூ.24,000. இரண்டும் சேர்ந்து ரூ.1,08,000. எஞ்சிய ரூ.17,000இல் சில்லறைக் கட்டணங்கள் போக மீதி எதற்கானது? பத்திரத்தின் எந்தப் பக்கத்திலும் அதற்கு விடையில்லை.

அமெரிக்காவில் இதே கேள்வியை ஒரு தம்பதியர் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றனர். 1971இல் வர்ஜீனியா மாநிலத்தில் வீடு வாங்க முனைந்த கோல்ட்ஃபார்ப் தம்பதியரிடம், உரிமை மூலத்தை ஆராய்ந்து தர, சொத்து மதிப்பில் ஒரு விழுக்காடு கேட்டார் ஒரு வழக்கறிஞர். வேறு 36 பேருக்குக் கடிதம் எழுதினர். மறுமொழி தந்த 19 பேரில் எவரும் அதற்குக் குறைய இசையவில்லை. வழக்கறிஞர் சங்கம் வகுத்த கட்டணப் பட்டியல் அது. அத்தகைய பட்டியல் போட்டியைத் தடுக்கிறது, சட்டத்துக்குப் புறம்பானது என்று 1975இல் தீர்ப்பாயிற்று. அங்கே சிக்கல், கூலி எல்லோருக்கும் தெரிந்த ஒரே தொகையாய் இறுகிப்போனது. இங்கோ, அது எவர் கண்ணுக்கும் தெரியாமல் பெருந்தொகைக்குள் கரைந்துவிடுவது.

எழுத்தரைப் பழிப்பது நம் நோக்கமன்று. தாய்ப் பத்திரத்தைப் படித்து, வில்லங்கம் பார்த்து, 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று பிழையின்றி எழுதித் தருவது கல்வியும் பொறுப்பும் வேண்டும் பணி. அதற்குரிய கூலி நேரியது. நேரியது என்பதாலேயே அது தனி வரியாக, இரசீதோடு நிற்கத் தகும். மாதிரி ஆவணங்கள் இன்று பதிவுத்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. வாங்குபவர் தாமே எழுதிக்கொள்ளவும் தடையில்லை. எனினும் நம்மவர் பெரும்பாலும் எழுத்தரையே நாடுகின்றனர். அந்த நம்பிக்கைக்கு எழுத்தர் செய்யக்கூடிய கைம்மாறு அந்த ஒரு வரிதான்.

உறவினர் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தோம். எழுதியவர் பெயரும் உரிம எண்ணும் ஒழுங்காக இருந்தன. ஆயிரம் ஆண்டுகளாக எழுதியவர் பெயரைக் கேட்டு வாங்கும் நாம், அவர் பெற்ற கூலியைக் கேட்க மட்டும் இன்னும் கூசுகிறோம்.