செண்பகராமனும் ஜேர்மன் சீருடையும்

பழைய இராணுவச் சீருடையொன்று ஆய்வாளன் கையிற் கிடைக்குமாயின், அவன் முதற்கண் எழுப்பும் வினா, ‘இதனை அணிந்தவர் யார்?’ என்பதாகும். முதலாம் உலகப் போர்க்கால ஜேர்மன் அதிகாரிகள் தம் உடையைத் தம் செலவிலேயே தையற்காரரிடம் தைப்பித்துக்கொண்டனர். ஆதலின் உட்பையிலுள்ள தையற்கடைச் சீட்டில் உரியவரின் பெயரும் நாளும் சிலபோது எஞ்சியிருக்கும். தோட்பட்டை பதவியையும் படைப்பிரிவையும் உணர்த்தும். இவற்றை அக்காலத்து அச்சிடப்பெற்ற அதிகாரிகள் பட்டியலோடு ஒப்புநோக்கியே ஒரு முடிவுக்கு வருதல் கூடும். பிரஷ்யத் தரைப்படையின் ஆவணங்களிற் பெரும்பகுதி 1945 ஏப்ரிலில் பொற்ஸ்டாம் நகர்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் அழிந்தது. கடற்படை ஆவணங்களோ பெருமளவு தப்பின.

இதே வினாவை, தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு செய்தியின்பாற் செலுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். 1914 செப்டெம்பர் 22 ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கிய ‘எம்டன்’ கப்பலில், திருவனந்தபுரத்துத் தமிழரான செண்பகராமன்பிள்ளை ஜேர்மன் கடற்படை அதிகாரியின் உடையில் நின்றார் என்பதே அச்செய்தி. அச்சீருடை உண்மையில் அவருக்கு உரியதா?

காலமும் இடமும் இதற்கு விடை பகர்கின்றன. எம்டன், போர் மூளுமுன்னரே, 1914 யூலை 31 இல் சீனக் கரையிலுள்ள சிங்தாவ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. சென்னையை அடையும்வரை அது ஐரோப்பியத் துறைமுகம் எதனையும் அணுகவில்லை. 1891 இற் பிறந்த செண்பகராமனோ அக்கோடையிற் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான பிரசாரத்தில் ஈடுபட்டிருந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே பெர்லின் சென்றார். சூரிச்சில் இருந்தவர் சிங்தாவிலிருந்து புறப்பட்ட கப்பலில் ஏறியிருத்தல் எங்ஙனம்?

எனினும் இக்கதை தோன்றியமைக்குக் காரணம் இல்லாமலில்லை. எம்டன் ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகளை எரித்தது. நகர மக்கள் பெருந்தொகையினராய் வெளியேறினர். இருளில் வந்த அந்நியன் குறி தவறாது சுட்டமைக்கு உள்ளூரவர் ஒருவரின் துணை வேண்டும் என மக்கள் எண்ணியிருத்தல் இயல்பே. உண்மையிலோ துறைமுக விளக்குகள் அன்று எரிந்துகொண்டிருந்தன. கப்பலிலும் தேடொளி விளக்குகள் இருந்தன. நவம்பர் 9 இல் கொக்கோசுத் தீவருகே எம்டன் வீழ்ந்தது. அதனை வென்ற ‘சிட்னி’, கைதிகளுடன் நவம்பர் 15 இற் கொழும்பை அடைந்தது. கப்பல் அழிந்தும் அதன் பெயர், சூழ்ச்சி வல்லவனைக் குறிக்கும் சொல்லாகத் தமிழிலும் சிங்களத்திலும் நிலைத்துவிட்டது.

இவ்வாறு கூறுவது செண்பகராமனைச் சிறுமைப்படுத்துவதாகாது. 1915 டிசெம்பரில் காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் வெளிநாட்டமைச்சர் எனப் பெயர் பெற்றவர் அவர். 1934 இற் பெர்லினிற் காலமான அவரது அஸ்தி, 1966 இல் இந்தியக் கடற்படையின் ‘டெல்லி’ என்னும் போர்க்கப்பலில் எடுத்துச் செல்லப்பட்டது. இவ்வாழ்வுக்கு இரவல் உடை வேண்டியதில்லை.

தெல்லிப்பழையைச் சார்ந்தோர்க்கு இவ்வாய்வு வெறும் ஏட்டுச் சுவையன்று. ஜோன் மாட்டின் ஆங்கிலத்தில் எழுதிய யாழ்ப்பாணக் குறிப்புகள், 1923 இல் தெல்லிப்பழை அமெரிக்க இலங்கை மிஷன் அச்சகத்தில் அச்சானது. நிகழ்ச்சிகளைக் கால முறைப்படி பதியும் நெறிக்கு அந்நூல் இங்கேயே ஒரு சான்று. ஆனால் 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, பல இல்லங்களின் பெட்டகங்களிலிருந்த காணியுறுதிகளும் கடிதங்களும் நிழற்படங்களும் கைவிடப்பட்டன. மீண்டு வந்தோர் பலர் வீட்டின் அத்திவாரத்தையே தேட வேண்டியவராயினர். ‘இங்கே எம் வீடு இருந்தது’ என்னும் வாய்மொழியே அவர்களிற் பலர்க்கு எஞ்சிய சான்று.

ஆவணம் இழந்த சமூகத்தின் சொல்லை உலகம் எளிதில் நம்புவதில்லை. பெருமைக்காகப் பொருந்தாக் கதையொன்றை நாம் வரலாறு எனப் பேணுவோமாயின், நம் இழப்பைப் பற்றி நாம் கூறும் மெய்யையும் பிறர் அதே தராசில் இட்டு நிறுப்பர். ஆதலின், அணிந்தவர் யார் எனச் சீருடையைக் கேட்பதுபோல், நமக்கு உவப்பான கதைகளையும் கேட்டறிதல் நம் கடமையாகும்.