கால்டி கிராமத்துக் கறுப்புப் பூச்சிகள்

இங்கிலாந்தில் அந்துப்பூச்சி பிடிப்பது நெடுநாளைய பொழுதுபோக்கு. மோசஸ் ஹாரிஸ் தன் வண்ணப்பட நூலான 'தி ஆரேலியன்'-ஐ 1766இல் வெளியிட்டபோதே லண்டனில் பூச்சிப் பித்தர்கள் சங்கம் கூடிவிட்டிருந்தார்கள். விக்டோரியா காலத்தில் இந்தப் பித்து கிராமத்துப் பாதிரியார் முதல் நெசவாளி வரை எல்லோரையும் பிடித்தது. அந்தி நேரத்தில் சர்க்கரைப்பாகில் ரம் கலந்து அடிமரத்தில் தூரிகையால் பூசிவிட்டு, இருட்டியதும் லாந்தரோடு வந்து பார்ப்பார்கள். மயங்கிக் கிடப்பவற்றில் அரியது உண்டா என்பதே அவர்கள் தேட்டம்; ஊரெல்லாம் பறக்கும் பூச்சியை யாரும் சீண்டுவதில்லை. இந்த வழக்கம் வரலாற்றுச் சான்றாக உயர்ந்தது அரியவற்றைச் சேர்த்ததால் அல்ல, சாதாரணமானவற்றை ஒரே இடத்தில் சலிக்காமல் எண்ணியதால் என்பது என் கட்சி.

'மிளகுப் பூச்சி'யின் கதை இதற்கு நல்ல சோதனை. வெள்ளை இறக்கையில் மிளகுப்பொடி தூவியது போன்ற இந்த இனத்தில் கரிய பூச்சி ஒன்று 1848இல் மான்செஸ்டரில் கிடைத்ததாக எட்லஸ்டன் பதிவு செய்தார். அரியது என்பதால்தானே அது கவனிக்கப்பட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1895 வாக்கில் அந்நகரில் ஏறத்தாழ 98 விழுக்காடு கறுப்பாகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாற்றம் படிப்படியாக எப்படி நடந்தது என்று சொல்ல ஒழுங்கான கணக்கில்லை. ஏற்றத்தைத் தவறவிட்டார்கள், இறக்கத்தை விடவில்லை. 1933இல் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் சி. பி. வில்லியம்ஸ் விளக்குப்பொறி வைத்து வந்ததையெல்லாம் எண்ணினார். 1950இல் ராபின்சன் பொறி வந்தது: மேலே பாதரச ஆவி விளக்கு, கீழே புனல், அதன்கீழ் பூச்சிகள் ஒண்டிக்கொள்ள முட்டை அடுக்கும் அட்டைகள். காலையில் அட்டையை ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ண வேண்டியதுதான். விர்ரல் தீபகற்பத்தின் கால்டி கிராமத்தில் 1959 முதல் பாதரச விளக்கோடு இப்படி எண்ணியவர் சிரில் கிளார்க். தொழிலால் மருத்துவர், பச்சிளங்குழந்தைகளைக் கொன்ற ரீசஸ் நோயைத் தடுக்க வழிகண்ட குழுவின் தலைவரும் அவரே. தொடக்கத்தில் அவர் பொறியில் விழுந்த மிளகுப் பூச்சிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் கறுப்பு. 1994இல் 20க்கும் கீழ். இடைப்பட்ட ஆண்டுகளில் 1956இன் தூய காற்றுச் சட்டத்தால், மரங்களைக் கறுக்கவைத்த ஆலைப்புகை அடங்கியிருந்தது.

விளக்கு எதைக் காட்டும்? நிலவிருந்தால் வரத்து குறையும், காற்றடித்தால் வராது. ஆகவே அது ஊரின் பூச்சித்தொகையைச் சொல்லாது என்பார்கள். தொகைக்கு அது பெருங்குறைதான். கிளார்க் பார்த்ததோ விகிதம். கறுப்புக்கும் வெளுப்புக்கும் அதே நிலவு, அதே காற்று, அதே விளக்கு. இன்னொரு தடை, மரத்தின் நிறத்தோடு ஒட்டாத பூச்சிகளைப் பறவைகள் தின்பதே மாற்றத்துக்குக் காரணமா என்று சோதித்த கெட்டில்வெல் மீதானது: 1950களில் அவர் பூச்சிகளை இயல்பாக அமராத இடங்களில் விட்டுச் சோதித்தார் என்ற குறை சரியே. ஆனால் அது பறவைகள்தான் காரணமா என்ற வாதம். எண்ணிக்கை மாறியதை அது தொடவில்லை. பின்னர் மஜெரஸ் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜில் பல ஆண்டுகள் சோதித்து, பறவைகளின் பங்கையும் 2007இல் உறுதிசெய்தார். ஒரு கிராமத்துக் கணக்கு எதற்கு ஆகும் என்பதே வலுவான எதிர்வாதம். அதற்கு விடை அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1960ஐ ஒட்டி 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்த கறுப்பு மிளகுப் பூச்சிகளின் பங்கு, 1994-95இல் மீண்டும் எண்ணியபோது 20க்கும் கீழே வந்திருந்தது. கால்டியின் கணக்கும் ஏறக்குறைய அதுவே.