பிலிப்பியில் மறைந்தவர்

புதிய ஏற்பாட்டின் மூன்றாவது நற்செய்தியை எழுதியவர் தம் பெயரை எங்கும் சொல்லவில்லை. தெயோப்பிலு என்பவருக்கு எழுதுவதாக மட்டும் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். அவர் லூக்கா, பவுலின் தோழர் என்று கி.பி. 180 வாக்கில் எழுதினார் லியோன் நகர ஆயர் இரேனேயு. நூல் எழுதப்பட்டு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிந்தைய சாட்சி அது. அதை மட்டும் நம்பலாமா?

வேறு சான்று தேடியவர்களில் ஹோபர்ட் என்ற அறிஞர் பெயர்பெற்றவர். கொலோசெயர் கடிதம் லூக்காவை மருத்துவர் என்கிறது அல்லவா? நற்செய்தியின் கிரேக்க நடையிலும் மருத்துவச் சொற்கள் நிறைந்திருக்கின்றன என்று 1882இல் ஒரு புத்தகமே எழுதினார். மருத்துவமே படிக்காத யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் போன்றவர்களின் எழுத்திலும் அதே சொற்கள் இருப்பதைப் பின்னர் ஹென்றி கேட்பரி எடுத்துக்காட்டினார். அந்த வாதம் அத்தோடு வலுவிழந்தது.

உண்மையான சான்று, இதே ஆசிரியர் எழுதிய இரண்டாம் நூலான அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அதுவரை 'அவர்கள்' என்று போய்க்கொண்டிருந்த கதை, 16ஆம் அதிகாரத்தில் துரோவா துறைமுகத்தில் திடீரென 'நாங்கள்' ஆகிறது. கப்பலேறிப் பிலிப்பி போகிறார்கள். அங்கே 'நாங்கள்' நின்றுவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து, 20ஆம் அதிகாரத்தில், பவுல் அதே பிலிப்பி வழியாகத் திரும்பும்போது மறுபடி தொடங்குகிறது. பிறகு எருசலேம், மெலித்தா தீவில் கப்பல் உடைந்த கதை, ரோமாபுரி வரை அந்தக் குரல் கூடவே வருகிறது. கற்பனையாக ஒரு சாட்சியைப் புகுத்த நினைப்பவர் இயேசுவின் அருகில் அல்லவா அவரை நிறுத்துவார்? ஒரே ஊரில் விட்டு, அதே ஊரில் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் இந்தப் பாங்கு எனக்குப் பயணக் குறிப்பாகவே படுகிறது.

அப்படியானால், 'நாங்கள்' என்பதை வைத்து லூக்காவின் பெயரைப் பிற்காலத்தார் ஊகித்திருக்கலாமே? நியாயமான கேள்விதான். ஆனால் ஊகிப்பவர் கைக்கு முதலில் அகப்படுவது தீத்துவின் பெயர். பவுலின் கடிதங்களில் பலமுறை வரும் பெரிய ஆள் அவர். நடபடிகளிலோ அவர் பெயரே கிடையாது; அதனால் 'நாங்கள்' என்பதற்குள் அவரை எளிதாகப் பொருத்திவிடலாம். லூக்காவோ கடிதங்களில் மூன்றே இடங்களில் தலைகாட்டுகிறார். அப்போஸ்தலரும் அல்லர்.

லூக்காவே ஆசிரியர் என்ற மரபை ஏற்காதவர்களின் பலமான வாதம் வேறு. பவுல் கடிதம் எழுதியதாகவே நடபடிகள் சொல்வதில்லை. அவருடைய சிந்தனையின் சாயலும் அதில் குறைவு. கூடவே இருந்தவர் இப்படியா எழுதுவார் என்கிறார்கள். இந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் கொரிந்தியருக்கும் ரோமருக்கும் பவுல் எழுதிய கடிதங்கள், பெரும்பாலான அறிஞர்கள் கணிப்பின்படி, 'நாங்கள்' பிலிப்பியில் நின்றதற்கும் அங்கே மறுபடி தொடங்கியதற்கும் இடைப்பட்ட ஆண்டுகளைச் சேர்ந்தவை. அப்போது 'நாங்கள்' என்று எழுதியவர் பவுலோடு இல்லை.